கட்டி கரைஞ்சிருச்சு, அப்புறம் எதுக்கு ஆபரேசன்?

எங்க சென்னிமலைப் பக்கம் பெட்ஷீட் நெய்கிற அம்மாக்கள் பலர் மார்பில் கட்டி வந்தால் வெளியே சொல்வதில்லை. வலிக்கலையே என்று தள்ளிப்போட்டு, தோல் சுருங்கி அக்குளில் நெறி கட்டின பிறகுதான் ஆஸ்பத்திரி.

அந்த நிலையில் கத்தி மட்டும் போதாது நண்பர்களே. 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் மருந்தையும் கதிர்வீச்சையும் முதலில் கொடுத்து, கட்டியைச் சுருக்கி, பிறகு அறுவை செய்தார்கள். இன்று பெரும்பாலும் கீமோ, ஆபரேசன், கதிர்வீச்சு என்ற வரிசை. சிலருக்கு அதன்பின் 5 முதல் 10 வருடம் ஹார்மோன் மாத்திரை. கத்தி, கட்டியை எடுக்கும். ரத்தத்தோடு வேறு இடம் போன செல்களுக்குக் கீமோ. மார்புச் சுவரில் ஒளிந்திருக்கும் மிச்சத்துக்குக் கதிர்வீச்சு. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

சிக்கலே பாதியில்தான். சிலருக்கு இரண்டு மூன்று கீமோவிலேயே கட்டி கைக்குத் தட்டுப்படாது. "கரைஞ்சிருச்சுங்க" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். உள்ளே மிச்சம் இருக்கும், திரும்ப வளரும்.

இதை வெறும் அறியாமை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கீமோவுக்குப் பெரும்பாலும் 3 வாரத்துக்கு ஒருமுறை பயணம். கதிர்வீச்சுக்கோ வாரம் 5 நாள், 3 முதல் 5 வாரம். தறியில் உட்கார்ந்தால்தானே கூலி? முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சைச் செலவுக்கு வழி இருக்கிறது, நின்றுபோன தறிக்கு? அந்தக் கூலியையும் பஸ் காசையும் சிகிச்சைச் செலவாகவே கணக்கிட்டு அரசு கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கூடவே, முதல் நாளே மொத்த வரிசையையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, 'கட்டி மறைந்தாலும் ஆபரேசன் உண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டு வீட்டாரிடம் கொடுக்கலாம். இதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது!