மூட்டை வண்டிக்கும் ஏபிஎஸ் வேண்டும்

திருப்பூரின் அவிநாசி சாலையில் அனுப்பர்பாளையத்தைக் கடக்கும் எக்ஸ்எல் மொபெட்டுகளைக் கவனியுங்கள். ஓட்டுபவரின் முழங்கால்களுக்கு நடுவே ஒரு பீஸ் மூட்டை, பின்னால் கயிறு போட்டு இறுக்கிய இன்னொன்று. சிலவற்றில் பட்டறையிலிருந்து வரும் பித்தளைப் பாத்திரங்கள். கட்டிங்கிலிருந்து தையலுக்கும், அங்கிருந்து செக்கிங்குக்கும் அயர்னுக்கும் பனியன் துணி போய்ச் சேர்வது பெரும்பாலும் இப்படித்தான். இவ்வளவு பாரத்தையும் நிறுத்துவது கம்பி இழுக்கும் டிரம் பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்கள் அனைத்துக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே, இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்று விட்டுவிட்டார்கள். இந்தக் கோடு தவறான இடத்தில் போடப்பட்ட கோடு.

ஏபிஎஸ்ஸுக்கு டிஸ்க் பிரேக் வேண்டும். அதில் கை அழுத்தும் விசை, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் வழியாகக் காலிப்பருக்குப் போய், பேடுகளை டிஸ்க்கின் மேல் நெருக்குகிறது. பதறிய கைக்கு அளவு தெரியாது. முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஹேண்டில்பாரைத் திருப்பியும் பயனில்லை, வண்டி சாய்ந்துவிடும். ஏபிஎஸ் செய்வது இதுதான்: சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது. வேகம் இயல்புக்கு மீறிச் சரிந்தால், கட்டுப்பாட்டுக் கருவி ஒரு வால்வை மூடி அழுத்தம் ஏறாமல் தடுக்கிறது. அப்படியும் வழுக்கினால் இன்னொரு வால்வைத் திறந்து அழுத்தத்தைத் தணிக்கிறது. சக்கரம் சுழன்றதும் மறுபடி அழுத்தம் கொடுக்கிறது. ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கும். சிபிஎஸ்ஸுக்கு இந்தக் கண் கிடையாது. விசையைப் பங்கிடத் தெரியும், சக்கரம் பூட்டியதா என்று தெரியாது.

விலை ஏறும் என்பது உற்பத்தியாளர்களின் வாதம். டிரம்மை எடுத்து முன்சக்கரத்தில் டிஸ்க் வைக்க வேண்டும், செலவு உண்டுதான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. விலையில் ஏறக்குறைய 8 சதவீதம் மிச்சம். இந்தச் செலவைத் தாங்க அதில் ஒரு பங்கை ஒதுக்கலாமே. தொழில்நுட்பமும் புதிதல்ல, ஓசூர் டிவிஎஸ் 2011-லேயே அப்பாச்சியில் கொடுத்துவிட்டது. சின்ன வண்டி வேகமாகப் போகாது என்பது அடுத்த வாதம். சக்கரம் பூட்டுவது சிசியைப் பார்த்தல்ல. டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பைப் பொறுத்தது. முதல் தூறலில் சாலையின் எண்ணெய்ப் பிசுக்கு மிதக்கும்போது 40 கிலோமீட்டர் வேகமே அதிகம். உதிரி மண்ணில் ஏபிஎஸ் நிற்கும் தூரத்தைக் கூட்டக்கூடும் என்பது உண்மை. ஆனாலும் வண்டி விழாமல் நிற்கும் வாய்ப்பு அதிகம்.

2022-ல் நாட்டின் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். சிசி பார்க்காமல் ஏபிஎஸ் கேட்கும் வரைவை 2025 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டது. 2026 ஜனவரி 1 என்று நாளும் குறித்தது. நிறுவனங்கள் கேட்கும் அவகாசத்தில் சில மாதங்கள் தரலாம். மொபெட்டுக்கு மட்டும் விலக்கு தரக் கூடாது.