முகம் மாறும் விசைகளும் முகம் மாறாத தமிழும்

ஒரு மொழியின் ஆயுள் அதனைப் பேசும் நாவில் மட்டும் இல்லை; அதனை எழுதும் விரலிலும் இருக்கிறது. ஓலையில் எழுத்தாணி பிடித்த விரலும், தாளில் பேனா பிடித்த விரலும் தமிழை நமக்குத் தந்து சென்றன. இன்று விசையைத் தட்டும் விரல் அதனை அடுத்த தலைமுறைக்குத் தருமா என்னும் வினா நம்முன் நிற்கிறது.

அண்மையில் நம் துறை மாணவர்களை அமிர்திக்கு அழைத்துச் சென்றிருந்தோம். வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், சவ்வாது மலையடிவாரத்தில், காடும் அருவியும் சிறு உயிரியல் பூங்காவும் ஒருங்கே அமைந்த இடம் அது. திரும்பியபின் பயணக் கட்டுரை ஒன்றைச் செல்பேசி வழியே அனுப்புமாறு பணித்தோம். வந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்! ஒரு மாணவர் வழியில் பெரிய 'பள்ளி' ஒன்றைக் கண்டதாக எழுதியிருந்தார். அவர் கண்டது தொழுகைப் பள்ளியா, மரத்தில் ஊர்ந்த பல்லியா என்று நமக்கு விளங்கவில்லை. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றே. கேட்டபோது, "ஐயா, கணிப்பொறியில் பழகியதெல்லாம் ஆங்கில விசைதான். அதில் தமிழ் எழுத்தே இல்லையே!" என்றார். இந்த விடை நம்மைச் சிந்திக்க வைத்தது.

விசைக்கு முகம் தந்த முயற்சி

விசையில் எழுத்து இல்லை என்னும் குறையை நீக்க உலகில் ஒரு முயற்சி நடந்ததுண்டு. மாஸ்கோ நகரத்து ஆர்ட்டெமி லெபெதெவ் வடிவமைப்புக் கூடம் 2005-ஆம் ஆண்டில் 'ஆப்டிமஸ்' என்னும் விசைப்பலகையின் படத்தை வெளியிட்டது. 2008-இல் 'ஆப்டிமஸ் மாக்சிமஸ்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 113 விசைகள், ஒவ்வொரு விசையின் தலையிலும் 48-க்கு 48 புள்ளிகள் கொண்ட ஒளிரும் சிறு திரை. உருசிய மொழிக்கு மாற்றினால் விசைகளில் உருசிய எழுத்துகள் தோன்றும். ஆங்கிலத்துக்கு மாற்றினால் ஆங்கில எழுத்துகள் தோன்றும். பயன்படுத்துவோர் தாம் விரும்பும் எழுத்தையோ படத்தையோ விசையில் பதித்துக்கொள்ளலாம்.

நம் வட்டாரத்தை நினைத்துப் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம் ஆகிய ஊர்களில் பல இல்லங்களில் பேச்சு உருது, கடைத்தெருவில் தமிழ், ஓதுவது அரபு, தோல் ஏற்றுமதிக் கடிதம் ஆங்கிலம். இடமிருந்து வலமாக இரண்டு, வலமிருந்து இடமாக இரண்டு என நான்கு மொழிகள் ஒரே மேசையில் கூடும் ஊர்கள் இவை. முகம் மாறும் விசைப்பலகை வேறெவருக்கும் பயன்படாவிடினும் நமக்குப் பயன்பட்டிருக்க வேண்டும்.

ஆயினும் அது நிலைக்கவில்லை. அதன் விலை 1500 டாலருக்கும் மேல். விசைதோறும் ஒரு திரை என்றால் செலவு குறையுமா? விலையினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. நன்கு தட்டச்சுச் செய்பவர் விசையைப் பார்ப்பதே இல்லை. நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் சொல்லித்தரும் முதற்பாடமே 'விசையைப் பாராதே' என்பதன்றோ? பாராத கண்ணுக்கு முகம் எதற்கு?

அந்தக் கனவு வேறு வடிவில் நிறைவேறிவிட்டது என்பதே வியப்பு. இன்று மாணவர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்கும் தொடுதிரைச் செல்பேசியில் விசைகளின் முகம் நொடியில் மாறுகிறது. ஒரு தொடுகையில் தமிழ். மறு தொடுகையில் உருது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005-ஆம் ஆண்டிலேயே செல்பேசிக்குத் தமிழைக் கொண்டுவந்தது. ஆதலின் 'எழுத்து இல்லை' என்னும் சாக்கு இன்று செல்லாது. முகம் மாறும் விசை கையில் இருந்தும் தமிழ் முகத்தை நாம் திருப்பவில்லை என்பதே உண்மை.

வண்ணப்பூச்சும் இலக்கணமும்

விசையின் மேலுள்ள எழுத்து வெறும் வண்ணப்பூச்சே என்பதை மாணவர்கள் உணர வேண்டும். பழைய தட்டச்சுப் பொறியில் எழுத்து உலோக வார்ப்பு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. அதற்கென அவர் கண்டதே நகரா விசை. கணிப்பொறியில் அந்த நெருக்கடி இல்லை. விசை ஓர் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அது எந்த எழுத்தாக வேண்டும் என்பதை உள்ளிருக்கும் மென்பொருள் முடிவு செய்கிறது.

இவ்வுண்மையின்மேல் எழுந்ததே 'தமிழ்99' விசைப்பலகை. 1997-இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் இணைய மாநாட்டின் தொடர்ச்சியாக, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாக அது உருவாயிற்று. தமிழக அரசும் அதனை ஏற்றது. அதன் அமைப்பைக் காணும் தமிழ் மாணவர் மகிழாதிருக்க இயலாது. உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. அகரத்தின் மேல் ஆகாரம், இகரத்தின் மேல் ஈகாரம், உகரத்தின் மேல் ஊகாரம் எனக் குறிலும் நெடிலும் அண்டை வீட்டார்போல் அமர்ந்துள்ளன. ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் 'கி' பிறக்கும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமாகிய வல்லினம் வந்தாலும் அவ்வாறே. 'பந்து' என்பதற்குப் ப, ந, த, உ என நான்கே தட்டல்கள். வகுப்பில் நாம் கற்பிக்கும் உயிர்மெய்ப் புணர்ச்சியும் இனவெழுத்தும் இங்கே விரல் நுனியில் நடக்கின்றன. பள்ளிக்கு எந்த ளகரம், பல்லிக்கு எந்த லகரம் என்பதை விரலே முடிவு செய்தாக வேண்டும். இதைவிடச் சிறந்த எழுத்துப் பயிற்சி வேறென்ன வேண்டும்?

நாம் பட்ட பாடு

இதனைப் பிறருக்குச் சொல்லும் தகுதியை நாம் பட்டறிந்தே பெற்றோம். நம் எம்.ஃபில். ஆய்வேடு இசுலாமியத் தமிழ் இலக்கிய வகைகள் பற்றியது. தட்டச்சு அறியாத நாம் அதனை டி.டி.பி. கடை ஒன்றில் கொடுத்தோம். 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் அரங்கேற்றிய 'ஆயிரம் மசலா' அங்கே 'ஆயிரம் மசாலா' ஆயிற்று! ஓரிடத்தில் அன்று, எல்லா இடத்திலும். கடைக்காரரை நோவதில் பயனில்லை. மசலா என்பது வினா என அவருக்கு எவர் சொன்னார்? தன் எழுத்தைத் தானே தட்டத் தெரியாத நமது குறையே அது. அந்த ஆய்வேட்டின் குறுந்தகட்டை இன்று திறந்தால் ஓர் எழுத்தும் புரிவதில்லை. அக்காலத்து எழுத்துரு இன்றைய ஒருங்குறிக்கு ஒவ்வாததாம். ஓராண்டு உழைப்பு, அச்சிட்ட சில படிகளில் மட்டும் உயிர் வாழ்கிறது.

ஒரு தடையும் விடையும்

'நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதவில்லையா? நாங்கள் ஆங்கில எழுத்தில் எழுதினால் மட்டும் குற்றமா?' என அறிவார்ந்த மாணவர் ஒருவர் வினவலாம். நல்ல வினாவே. அரபுத்தமிழ் நம் பெருஞ்செல்வம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் எத்தனையோ மார்க்க நூல்களைத் தாங்கி நின்றது. ஆனால் அம்முன்னோர் செய்ததை நோக்குக. ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்கு அரபில் எழுத்தில்லை என்று கண்டதும் அவற்றைக் கைவிட்டாரல்லர். அரபு எழுத்தில் புதிய புள்ளிகளை இட்டுப் புதிய எழுத்துகளையே படைத்தனர். எழுத்தைத் தமிழுக்கு வளைத்தனர். இன்று நாம் தமிழை எழுத்துக்கு வளைக்கிறோம். அஃது ஆக்கம், இஃது இழப்பு.

ஆங்கில விசையைத் தட்டித் திரையில் தமிழாக மாற்றிக்கொள்வோரும் உளர். அவர்களை நாம் குறை கூறவில்லை. தமிழில் எழுதாமையினும் அது நன்றே. எனினும் சொல்லின் பாதியைப் பொறியே ஊகித்து நிரப்பும்போது, லகர ளகர வேறுபாடு மாணவர் நெஞ்சில் எவ்வாறு பதியும்?

செய்ய வேண்டுவன

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இம்மலர் வழியே வைக்கிறோம். மாணவச் செல்வங்களே! நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கித் தமிழ்99 பழகுங்கள்; உங்கள் கட்டுரையை நீங்களே தட்டுங்கள். இன்றைய விண்டோஸ் கணிப்பொறிகளில் அது உள்ளேயே அமைந்துள்ளது; தனியே வாங்க வேண்டுவதில்லை. உடன் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களே! நாமே முதலில் கற்போம். மாணவருக்கு விதிக்கும் முன் நம் விரல் பழகட்டும். கல்லூரியைக் கட்டிக் காத்துவரும் சமுதாயப் பெரியோர்களே! கணிப்பொறிக் கூடத்தில் வாரம் ஒரு மணி நேரத்தைத் தமிழுக்கும், ஒரு மணி நேரத்தை உருதுக்கும் ஒதுக்கித் தாருங்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் கேட்கவில்லை. எழுத்து வரைந்த அட்டை ஒன்றைச் சுவரில் மாட்டினால் போதும்.

அடுத்த ஆண்டும் அமிர்திக்குச் செல்ல எண்ணியுள்ளோம். திரும்பி வரும் கட்டுரைகளில் பள்ளி பள்ளியாகவும் பல்லி பல்லியாகவும் இருக்கக் காண்போமாயின், அதுவே நம் துறைக்குக் கிடைத்த பரிசாகக் கொள்வோம். இறைவன் நாடினால் அது நடக்கும்; நம் விரல்களும் நாட வேண்டும்.