ரிங் மேல் பழி போடாதீர்கள்

ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. டர்ட் பைக் ஓட்டுகிறவர்களிடமும் அவற்றைப் பழுதுபார்க்கிறவர்களிடமும் வேதவாக்கைப் போல நிலைத்துவிட்ட நம்பிக்கை இது. டிப்ஸ்டிக்கை ஒருமுறை முகர்ந்து பார்த்ததும் தீர்ப்பு வந்துவிடுகிறது: இன்ஜினை இறக்கணும், பிஸ்டன் கிட் மாற்றணும், முடிந்தால் போர் பண்ணணும். எஃப்ஐ வண்டிகளை, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிகளைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அவசரமானது, பல வேளைகளில் தவறானது. நல்ல இன்ஜின்களைப் பிரித்துப் போட வைத்து, உண்மையான கோளாறை அப்படியே விட்டுவைக்கும் தீர்ப்பு இது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கார்புரேட்டர் காலத்தில் ஆயிலில் பெட்ரோல் வாடை வந்தால் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ரிங்கைச் சந்தேகப்பட்டதில்லை. பெட்ரோல் டேப்பை மூடினீர்களா என்று கேட்பார், ஃப்ளோட் ஊசியைக் கழற்றிப் பார்ப்பார். ஊசியின் முனையில் தேய்மானம் இருந்தால் டேங்க் பெட்ரோல் இரவெல்லாம் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். பிறகு எஃப்ஐ வந்தது. சுஸுகி ஆர்எம்-இசட்450-இல் 2008-ஆம் ஆண்டு மாடலிலும், ஹோண்டா சிஆர்எஃப்450ஆர்-இல் 2009 மாடலிலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் உட்கார்ந்தது. இந்தியச் சாலைகளில் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது ஏறக்குறைய எல்லா பைக்குகளும் எஃப்ஐ ஆகிவிட்டன. டேப் இல்லை, ஃப்ளோட் இல்லை, ஊசியும் இல்லை. கசிவதற்கு எதுவுமே மிச்சமில்லை என்று நினைத்தார்கள். பழைய சந்தேகங்கள் பட்டியலிலிருந்து விழுந்துபோயின. மிஞ்சி நின்றது ரிங் ஒன்றுதான். அதன் மேல் பழி விழுந்தது.

கசிவதற்கு எதுவுமில்லை என்பதே முதல் பிழை. டேங்குக்குள் இருக்கும் பம்ப், இன்ஜெக்டர் வரை பெட்ரோலைச் சுமார் 3 முதல் 3.5 பார் அழுத்தத்தில் நிறுத்தி வைக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் தன் எடையால் மட்டுமே இறங்கியது; இங்கே அது பலமடங்கு அழுத்தத்தோடு ஒரு சின்ன வால்வின் பின்னால் காத்திருக்கிறது. வண்டியை அணைத்த பிறகும் அந்த அழுத்தம் குழாயில் தங்கும். பம்பில் இருக்கும் ஒருவழி வால்வு, பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுக்கத்தான் இருக்கிறது. இன்ஜெக்டர் பக்கம் போவதைத் தடுப்பது அதன் வேலையல்ல. இன்ஜெக்டரின் ஊசிமுனையில் ஒரு தூசித்துகள் சிக்கினாலும், மாதக்கணக்கில் நிறுத்தி வைத்ததில் பெட்ரோல் காய்ந்து பிசினாகப் படிந்தாலும், அது முழுதாக மூடாது. சொட்டும். இன்லெட் வால்வு திறந்த நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் அந்தச் சொட்டுகள் நேரே சிலிண்டருக்குள் போகும். திரவமாக நிற்கும் பெட்ரோலை எந்த ரிங்கும் தடுத்து வைக்காது, புத்தம்புதிய ரிங்கானாலும் சரி. ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டுத்தான் அதைச் செய்கிறார்கள். நின்ற பெட்ரோல் அந்த வழியாகக் கீழே ஆயிலுக்குள் இறங்கிவிடும். அதைக் கண்டு ரிங்கைக் குற்றம் சொல்வது அநியாயம்.

சொட்டு இல்லாமலேயே பெட்ரோல் இறங்கும் வழிகளும் உண்டு. உண்மையில் அவைதான் அதிகம். குளிர்ந்த இன்ஜினுக்கு, அதைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். அதில் ஒரு பகுதி ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படிந்து, ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே வழியும். வண்டி நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் ஓடினால் இறங்கிய பெட்ரோலில் பெரும்பகுதி ஆவியாகி, இன்ஜினின் உள்காற்றை வெளிவிடும் பிரீதர் குழாய் வழியே வெளியேறிவிடும். வாரம் ஒருமுறை ஷெட்டில் ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைக்கிறவர்களின் வண்டியில் அது நடக்காது. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் கொஞ்சம் சேர்க்கும், எதுவும் வெளியேறாது. பேட்டரிக்கு நல்லது என்று நினைத்து அவர்கள் செய்யும் காரியம் ஆயிலைக் கெடுக்கிறது. சேற்றில் விழுந்த வண்டியைக் கிளப்ப மூச்சிரைக்க உதைக்கும்போதும் இதே கதைதான். ஒவ்வோர் உதைக்கும் இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது. எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி ஆயிலில்தான் போய்ச் சேரும்.

இது ஏன் டர்ட் பைக்கில் இவ்வளவு பெரிய விஷயம்? ஆயிலின் அளவுதான் காரணம். 2009 முதல் 2016 வரையிலான சிஆர்எஃப்450ஆர்-இல் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி ஆயில். இன்ஜின் பக்கம் நிற்பது முக்கால் லிட்டருக்கும் குறைவு. 700 மில்லி ஆயிலில் 35 மில்லி பெட்ரோல் கலந்தாலே ஏறக்குறைய 5 சதவீதம். நான்கு லிட்டர் ஆயில் நிற்கும் காரில் அதே 35 மில்லி ஒரு பொருட்டே அல்ல. ஆயில் நீர்த்துப்போனால் கேம்ஷாஃப்டும் பேரிங்குகளும் உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கும். ஆகவே ஆயிலில் பெட்ரோல் வாடையை அலட்சியப்படுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அதைக் கவனிக்க வேண்டிய விதத்தில் கவனியுங்கள் என்கிறேன்.

முதல் வேலை மூக்கை நம்புவதை நிறுத்துவது. ஓடிய ஆயில் எதிலும் கொஞ்சம் பெட்ரோல் வாடை இருக்கவே செய்யும். வாடை எவ்வளவு கலந்தது என்று சொல்லாது. அளவுதான் சொல்லும். அதையும் மேனுவலில் சொன்ன முறைப்படி பார்க்க வேண்டும்: எத்தனை நிமிடம் ஓடவிட்டு, எவ்வளவு நேரம் கழித்து, வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, டிப்ஸ்டிக்கைத் திருகியா திருகாமலா. இவற்றில் ஒன்று மாறினாலும் அளவு மாறும். 'ஆயில் ஏறிவிட்டது' என்ற புகார்களில் சில இப்படிப் பிறந்தவைதான். இன்னும் உறுதியான வழி ஒன்று உண்டு. ஆயில் மாற்றும்போது ஊற்றுவதை அளந்து ஊற்றுங்கள், வடிப்பதையும் அளவுச் சாடியில் வடியுங்கள். உள்ளே ஒட்டிக்கொள்வதால் வெளியே வருவது எப்போதும் சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஊற்றியதைவிட அதிகம் வந்தால் உள்ளே வேறேதோ சேர்ந்திருக்கிறது. பால்போல வெளுத்திருந்தால் தண்ணீரோ கூலண்டோ. கறுப்பாகவும் நீர்த்தும் இருந்தால் பெட்ரோல்.

ரிங்வாதிகள் இந்த இடத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ரிங் தேய்ந்தால் ஆயில் மேலே ஏறி எரியும், நீலப் புகை வரும், ஆயில் மட்டம் குறையும். தேய்ந்த ரிங்கின் முதல் அடையாளம் அதுதான் என்பது அவர்களுக்கே தெரியும். பிறகு புகையே இல்லாமல் ஆயில் மட்டம் ஏறுகிற வண்டியில் எப்படி முதல் சந்தேகம் ரிங் மேல் போகிறது?

"கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்தாச்சு, குறைவாகத்தான் காட்டுது" என்பார்கள். இந்த ஒரு சோதனைதான் அதிக அப்பாவி இன்ஜின்களைத் தண்டித்திருக்கிறது. இன்றைய ஃபோர்-ஸ்ட்ரோக் டர்ட் பைக்குகளின் கேம்ஷாஃப்டில் தானியங்கி டீகம்ப்ரஸர் இருக்கிறது. 450 சிசி இன்ஜினைக் காலால் உதைக்கவோ சின்ன மோட்டாரால் சுழற்றவோ முடிவது அதனால்தான். குறைந்த வேகத்தில் சுழலும்போது அது எக்ஸாஸ்ட் வால்வை இம்மியளவு தூக்கி அழுத்தத்தை வெளியே விடும்; இன்ஜின் பிடித்து வேகம் கூடியதும் ஒதுங்கிக்கொள்ளும். கேஜ் போடுவது எப்போது? உதைக்கும் வேகத்தில், அதாவது டீகம்ப்ரஸர் வேலை செய்துகொண்டிருக்கும்போது. புது இன்ஜினிலும் எண் குறைவாகத்தான் வரும். அந்த மாடலின் மேனுவலில் டீகம்ப்ரஸரோடு சேர்த்து ஓர் அளவு கொடுத்திருந்தால் அதோடு ஒப்பிடலாம். அது இல்லாமல், ரோட்டு பைக்கின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, 'ரிங் போச்சு' என்று சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

ரிங்கைப் பற்றிப் பேச வேண்டுமானால் லீக்-டவுன் சோதனை செய்யுங்கள். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, சுழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுக்க வேண்டும். எத்தனை சதவீதம் கசிகிறது என்பதைக் கருவி காட்டும்; எங்கே கசிகிறது என்பதைக் காது சொல்லும். த்ராட்டில் பாடியில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, அல்லது டீகம்ப்ரஸர் இன்னும் விடவில்லை. கிராங்கைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி பாருங்கள். பிரீதர் குழாயில் பலமாகச் சீறினால் மட்டுமே ரிங்கின் மேல் கை வைக்கலாம். மெல்லிய சீறல் நல்ல இன்ஜினிலும் இருக்கும். பட்டறையில் கம்ப்ரஸர் இருந்தால் இது சில நிமிட வேலை. இன்ஜினை இறக்கத் தேவையில்லை.

ரிங் நன்றாக இருப்பது தெரிந்துவிட்டால் பெட்ரோல் பக்கம் வாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் நிற்கும்போதே சொட்டுகிறது என்று பொருள். த்ராட்டிலைத் திறந்து டார்ச் அடித்தால் உட்சுவரின் ஈரமும் தெரியும். அடுத்து பெட்ரோல் குழாயில் பிரஷர் கேஜ் இணைத்து, பம்ப் அழுத்தம் ஏற்றியதும் அணைத்துவிட்டுக் கவனியுங்கள். முள் மளமளவென்று விழுந்தால் இன்ஜெக்டர், பம்பின் ஒருவழி வால்வு, ரெகுலேட்டர் மூன்றில் ஒன்று விடுகிறது. எது என்று தெரிய, இன்ஜெக்டரைக் குழாயோடு வெளியே எடுத்து, கீழே வெள்ளைக் காகிதம் விரித்து அழுத்தம் ஏற்றுங்கள். சில நிமிடம் காகிதம் உலர்ந்தே இருக்க வேண்டும். இதைத் திறந்தவெளியில், இக்னிஷன் காயில் இணைப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் தீயணைப்பானோடு மட்டுமே செய்ய வேண்டும்.

நிற்கும்போது சொட்டவில்லை, ஓடும்போதுதான் சேர்கிறது என்றால் கலவை அதிகமாகப் போகிறது. இங்கே பலர் கவனிக்காத குற்றவாளி வெப்ப சென்சார். இது முழுதாகச் செத்தால் எஃப்ஐ விளக்கு எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். மெல்லப் பிசகினால் விளக்கு எரியாது. இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போது 'இன்னும் குளிராகத்தான் இருக்கிறது' என்று ஈசியூவிடம் சொல்லிக்கொண்டிருக்கும், ஈசியூவும் அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றும். மல்டிமீட்டரில் சோதிக்கலாம். பல ஜப்பானிய வண்டிகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சில நூறு ஓம் காட்டும். உங்கள் வண்டிக்குரிய எண் மேனுவலில் இருக்கும். வலுவிழந்த பிளக், ஈசியூவில் யாரோ ஏற்றிய, பெட்ரோலை அதிகம் கொடுக்கும் மேப் ஆகியவற்றையும் பாருங்கள். போட்டி வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் பெரும்பாலும் இருக்காது. தவறைக் கண்டு திருத்த ஈசியூவுக்கு வழியே இல்லை.

வடித்த ஆயிலில் தீக்குச்சியைக் காட்டி 'பத்துகிறது பார்' என்று நிரூபிக்கும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. அதை இன்றோடு நிறுத்துங்கள். எத்தனை சதவீதம் என்பதை அது சொல்லாது; கையையும் பட்டறையையும் பறிகொடுக்க வைக்கும்.

ரிங் தேயவே தேயாது என்று நான் வாதிடவில்லை. மோட்டோகிராஸ் இன்ஜினுக்குப் பிஸ்டனும் ரிங்கும் மணிக்கணக்குப் பார்த்து மாற்ற வேண்டிய பொருட்கள்தாம். மேனுவல் சொன்ன மணிநேரம் தாண்டி ஓடிய வண்டியில், ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி புகுந்த வண்டியில், லீக்-டவுனில் பிரீதர் சீறும் வண்டியில் ரிங்கை மாற்றத்தான் வேண்டும். ஆனால் காரணம் சொட்டும் இன்ஜெக்டராக இருந்தால், புது ரிங்கையும் அதே பெட்ரோல் கழுவும். உரிமையாளர் பணம் கொடுத்துவிட்டுப் போவார், அடுத்த ஆயில் மாற்றத்தில் அதே வாடையோடு திரும்புவார்.

அதைவிடக் கொடுமை, 'போர் பண்ணிடலாம்' என்பது. பெரும்பாலான மோட்டோகிராஸ் சிலிண்டர்கள் அலுமினியத்தின் மேல் நிக்கல்–சிலிக்கான் கார்பைடு பூச்சு ஏற்றியவை. லேத்தில் கொடுத்துக் குடைந்தால் அந்தப் பூச்சே போய்விடும். திரும்பப் பூச்சு ஏற்றும் வசதியில்லாத ஊரில், நன்றாக இருந்த சிலிண்டர் அந்த ஒரே நாளில் குப்பையாகிவிடும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆயிலில் பெட்ரோல் சேர்ந்திருப்பது உறுதியானால் முதலில் வண்டியை ஓட்டாதீர்கள், ஸ்டார்ட்டும் செய்யாதீர்கள். சிலிண்டர் நிறையப் பெட்ரோல் நின்றிருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். பட்டறைக்குக் கொண்டுபோய், இன்ஜினைத் திறக்கச் சம்மதிக்கும் முன் மூன்று விவரங்களை எழுதித் தரக் கேளுங்கள்: லீக்-டவுன் எத்தனை சதவீதம், காற்று எங்கே சீறியது, அணைத்த பிறகு பெட்ரோல் அழுத்தம் எவ்வளவு நேரம் நின்றது. இந்த மூன்றையும் சொல்ல முடியாதவரிடம் இன்ஜினைக் கொடுக்காதீர்கள்.