பெயரில்லாத மூட்டையும் பெயருள்ள பொட்டலமும்

சென்ற மாதம் அலுவல் நிமித்தமாகச் சென்னைக்குச் சென்றிருந்தபோது, பெரிய உணவுப் பொருள் அங்காடி ஒன்றில் ஒரு மணி நேரம் செலவிட்டேன். ஒரு புறம் மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி, காட்டுயானம். மறு புறம் வரகு, சாமை, குதிரைவாலி. அவற்றிற்கு அப்பால் மரச்செக்கில் ஆட்டிய கடலெண்ணெய், கருப்பட்டி, வறுத்த முந்திரி. நம் பாட்டிமார் குதிரிலும் பானையிலும் வைத்துப் புழங்கியவை யாவும் கண்ணாடி அலமாரிகளில் வீற்றிருந்தன. நகரத்தார் அவற்றை எடுத்துப் பார்த்து, சாதாரண அரிசிக்குக் கொடுப்பதினும் மிக அதிகமான விலையை மனமுவந்து கொடுத்து வாங்கிச் சென்றனர்.

மாப்பிள்ளைச் சம்பாப் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்து, “தம்பி, இது எந்த ஊரில் விளைந்தது?” என்று கடை இளைஞரிடம் கேட்டேன். அவர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஊர் தெரியவில்லை, ஐயா. பொட்டலம் கட்டிய கம்பெனியின் விலாசம்தான் இருக்கிறது” என்றார்.

இந்தப் பதிலைத்தான் அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறேன். நகரத்தார் விலை கொடுப்பது அரிசிக்கு மட்டுமன்று. இன்ன ரகம், கலப்பில்லாதது என்ற நம்பிக்கைக்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குரிய பெயரோ பொட்டலம் கட்டியவருடையது. விளைவித்தவர் பெயரில்லாத மூட்டையாகத் தம் உழைப்பை மண்டியில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார். பெயரில்லாத சரக்குக்குப் பேரம் பேசும் உரிமை ஏது?

மாப்பிள்ளைச் சம்பா விளைவதற்கு ஏறக்குறைய 160 நாட்கள் வேண்டும்; குறுகிய கால ரகங்களோ 110 நாட்களில் அறுவடைக்கு வந்துவிடும். கண்மாய் நீரை நம்பியிருக்கும் நம் திருமயம் வட்டாரத்தில், அந்த ஐம்பது நாட்கள் சாதாரணமானவை அல்ல. பயிர் உயரமாக வளர்ந்து காற்றில் சாயும், விளைச்சலும் குறைவு. நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படுவதோ சாதாரண ரகம், ‘ஏ’ ரகம் என்னும் இரண்டு வகைக்கே. ஆகவே ஐம்பது நாள் அபாயத்தை விவசாயி சுமக்க, அதற்குரிய கூடுதல் விலை வேறொருவரைச் சேருகிறது.

இவ்விஷயத்தில் நம் நெசவாளர் சகோதரர்கள் நமக்கு வழிகாட்டிகள். கோ-ஆப்டெக்ஸ் 1935ஆம் ஆண்டிலேயே தோன்றியது. கைத்தறி முத்திரை 2006இல் வந்தது. நமக்கு அண்டையிலுள்ள காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு விண்ணப்பித்தது நெசவாளர் கூட்டுறவுச் சங்கமே. அதே ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் அக்குறியீட்டைப் பெற்றது. சேலைக்கு ஊர்ப் பெயர் இருக்கலாம், பால்கோவாவுக்கு இருக்கலாம் என்றால், நம் அரிசிக்கும் கடலைக்கும் இருக்கலாகாதா? நம் மாவட்டத்து ஆதனக்கோட்டையில் சாலையோரத்தில் வறுத்து விற்கும் முந்திரியை, அவ்வழியே செல்வோர் வண்டியை நிறுத்தி வாங்குகின்றனர். ஊர்ப் பெயரின் வலிமைக்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

உணவுக்கும் நெசவுக்கும் உள்ள உறவு கூட்டுறவு இயக்கத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களில் பலர் நெசவாளர்கள். அவர்கள் விற்றது துணியன்று; மாவு, வெண்ணெய், சர்க்கரை ஆகியவையே. கலப்படமும் எடைக்குறைவும் மலிந்திருந்த காலத்தில் சுத்தமான பொருளைச் சரியான எடையில் தருவதே அவர்களுடைய மூலதனம். அந்த வழியைப் பின்பற்றியே 1904இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நகரத்தில் நல்ல பொருளை நாடுவோர்க்கு நாணயமான கடை வேண்டும் என்பது நம் இயக்கத்திற்குப் புதிய செய்தியே அன்று.

இக்கருத்தை அண்மையில் ஓர் அங்கத்தினர் கூட்டத்தில் கூறினேன். முதியவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, பெயர் போடுவது எளிது. பத்துப் பேர் நல்ல நெல்லைக் கொண்டுவந்து, பதினோராவது ஆள் கலந்த நெல்லைக் கொண்டுவந்தால், பெயர் யாருக்குக் கெடும்?” என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல சங்கங்களின் கணக்கையும் இருப்பையும் பார்த்து வருபவன் என்ற முறையில், அவர் கேள்வியின் கனத்தை நான் அறிவேன். பெயர் என்பது எல்லோருக்கும் பொதுவான சொத்து; அதனால் எவர் ஒருவராலும் அதை அழித்துவிட முடியும்.

அதற்கு மாற்று, சிறிதாகத் தொடங்குவதே. ஒரு சங்கம், ஒரு ரகம், இருபது அங்கத்தினர்கள் போதும். விதையைச் சங்கமே ஓரிடத்தில் பெற்று வழங்கட்டும். கதிர் முற்றும் முன் வயலுக்குச் சென்று கலப்புப் பயிரை அகற்றட்டும். நெல்லை ஈரப்பதம் நூற்றுக்கு 14க்கு மேற்படாமல் காயவைத்து, ஒவ்வொருவர் மூட்டையிலும் தனி எண் இட்டுச் சேமிக்கட்டும். தவறு நேர்ந்தால் யாருடைய மூட்டை என்பது அன்றே தெரிந்துவிடும். பழி இருபது பேர் மீதும் விழாது.

நூறு கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 67 கிலோ அரிசி கிடைக்கும். தவிடும் உமியும் நம்மிடமே தங்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: மிகுதியாகத் தீட்டினால் சிவப்பரிசி தன் நிறத்தையும் சத்தையும் இழக்கும், தீட்டாமல் விட்டாலோ தவிட்டிலுள்ள எண்ணெய் நாளடைவில் சிக்குவாடை அடிக்கும். எனவே ஆண்டு முழுவதற்கும் ஒரே முறையில் அரைத்து வைக்காமல், கேட்பு வந்த அளவுக்கு மாதந்தோறும் அரைப்பதே அறிவுடைமை. உணவுப் பாதுகாப்புப் பதிவும், பொட்டலத்தின் மீது எடை, தேதி, விலாசம் ஆகியவையும் சட்டப்படி வேண்டியவை. அந்த விலாசம் சங்கத்தின் விலாசமாக இருக்கட்டும். பையை நம் நெசவாளர் சங்கமே நெய்து தரலாம்.

“அறுவடை முடிந்ததும் கடன்காரர் வாசலில் நிற்கும்போது மாதக்கணக்கில் காத்திருப்பது எப்படி?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. இதற்காகவே கூட்டுறவில் விளைபொருள் ஈட்டுக்கடன் இருக்கிறது. நெல்லைச் சங்கக் கிடங்கில் வைத்து, அதன் ஈட்டின் மீது அவசரச் செலவுக்குப் பணம் பெறலாம். கிடங்கு இல்லாத சங்கங்கள் பக்கத்துச் சங்கத்தோடு கலந்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். விற்பனைக்கும் வழி இல்லாமலில்லை. நகரங்களில் கூட்டுறவுப் பண்டகசாலைகள் உள்ளன. கூட்டுறவுத் துறை 2023இல் ‘கோ-ஆப் பஜார்’ என்னும் கைப்பேசிச் செயலியையும் தொடங்கியது.

நகரத்தாரின் விருப்பம் நாளை மாறிவிடாதா என்று ஐயுறுவோரும் உண்டு, மாறலாம். ஆகையால் நிலம் முழுவதையும் இதற்கு விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு பகுதி போதும். அந்தப் பகுதியில் விளைந்ததும் முதலில் நம் வீட்டு அடுப்பில் வேகட்டும். நம் குழந்தைகள் உண்ணாத தானியத்தை, சத்துள்ளது என்று பிறருக்கு விற்பதில் என்ன பெருமை இருக்கிறது?

திருமயம் என்றால் கோட்டை நினைவுக்கு வரும். 1887இல் இங்கே பிறந்த தீரர் சத்தியமூர்த்தி நினைவுக்கு வருவார். ஊருக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒரு பையின் மீது எழுதும் துணிவும், எழுதியபின் அதைக் காக்கும் நாணயமுமே இனி வேண்டுவன. அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு சங்கமாவது இதைத் தீர்மானப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாயின், கடையில் அந்த இளைஞரிடம் நான் கேட்ட கேள்விக்கு அடுத்த ஆண்டு வேறு பதில் கிடைக்கும்.

— கூட்டுறவு ஆய்வாளர், திருமயம்