காப்பீட்டுத் திட்டத்தின் வருமான வரம்பு: சங்கத்தின் நிலைப்பாடு

ஜனவரி 2022

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இம்மாதம் 11-ஆம் தேதி முதல் மேலும் ஐந்தாண்டுகளுக்கு யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வாயிலாக நடைபெறும் என்றும், குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியத்தை அரசே செலுத்தும் என்றும், 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு இனி 1,20,000 ரூபாயாக இருக்கும் என்றும் அரசு செய்துள்ள தீர்மானத்தைப் பற்றிச் சங்கத்தின் அபிப்பிராயம் என்னவென்று கிளைகள் பலவற்றிலிருந்தும் கேட்டு எழுதியிருப்பதால், நிர்வாகக் குழு கூடி, காரசாரமாகவே விவாதித்து, கடைசியில் எல்லோரும் கையொப்பமிட இசைந்த நிலைப்பாட்டை இங்கே வெளியிடுகிறோம்.

திட்டத்தின் பூர்வ கதையை உறுப்பினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கியதும், 2012-இல் பெயரும் நிறுவனமும் மாறியதும், 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து 5 லட்சம் ரூபாய்க் காப்பீடாக விரிந்ததும் அட்டை கிடைத்தவர்களுக்கும் தெரியும். கிடைக்காதவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆட்சி மாறிற்று, பெயர் மாறிற்று, சிகிச்சைகளின் பட்டியல் நீண்டது. 72,000 என்ற அந்த ஒரு தொகை மட்டும் பன்னிரண்டு ஆண்டுகளாக அசையவில்லை. இப்போது அது அசைந்திருப்பது வரவேற்கத்தக்கதே என்பது குழுவில் பெரும்பாலோர் கருத்து. அந்தச் சொல்லே வேண்டாம் என்று வாதித்தவர்களும் உண்டு. ஆகவே, இல்லாததற்கு இது மேல் என்ற அளவில் இதை ஏற்கிறோம் என்று பதிவு செய்கிறோம்.

ஆனால் 1,20,000 என்பது என்ன தொகை? மாதம் 10,000 ரூபாய். நாளொன்றுக்கு 329 ரூபாய்கூட முழுதாக இல்லை. இது ஒருவரின் கூலி அன்று, ஒரு குடும்பம் முழுவதன் சம்பாத்தியம். கொத்தனாருக்கு 800 ரூபாய், சித்தாளுக்கு 500 ரூபாய் என்று கூலியை வைத்துக்கொண்டால், கணவனும் மனைவியுமாக ஒரே கட்டடத்தில் வேலை செய்யும் குடும்பத்துக்கு மாதத்தில் எட்டு நாள் வேலை கிடைத்தாலே வருமானம் 10,400 ரூபாய் ஆகிவிடுகிறது. அதாவது, மாதத்தில் இருபத்திரண்டு நாள் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் குடும்பமும் இந்த அரசாங்கத்தின் கணக்கில் உதவி தேவைப்படாத குடும்பமே. இந்த வரம்பை நிர்ணயித்தவர்கள் எந்த ஊரில், எந்த வருஷத்து விலைவாசியில் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்றே நினைக்கிறோம்.

இந்த வரம்பின் கொடுமை அதன் தொகையோடு நின்றுவிடுவதில்லை. வரம்பு இருக்கிறபடியால் வருமானச் சான்றிதழ் வேண்டியிருக்கிறது. சான்றிதழ் வேண்டியிருக்கிறபடியால் கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியர் அலுவலகத்தையும் நாட வேண்டியிருக்கிறது. அதன் பிறகு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் புகைப்படம் எடுத்து, விரல் ரேகை வைத்துப் பதிய வேண்டியிருக்கிறது. ஆரோக்கியமாக இருக்கும் நாளில், ஒரு நாள் கூலியை இழந்து இதைச் செய்து வைத்துக்கொள்ளும் முன்யோசனை எத்தனை குடும்பங்களுக்கு இருக்கும்? நடப்பது வேறு. தகப்பனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த பிறகுதான், தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டச் சொன்ன பிறகுதான், மகன் குடும்ப அட்டையின் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைத் தேடி ஓடுகிறான். அவர் தாலுகா அலுவலகத்தில் கூட்டத்தில் இருக்கிறார் என்று சொல்லப்படுகிறது. அன்று வெள்ளிக்கிழமை, மறுநாள் விடுமுறை. திங்கட்கிழமை கையெழுத்து கிடைக்கும்போது நகைகள் அடகுக்கடைக்குப் போயிருக்கும்.

அந்தக் கையெழுத்தின் மதிப்பையும் ஒளிவு மறைவின்றிப் பேசிவிடலாம். தினக்கூலிக்காரரின் வருமானத்தை அளக்கும் கருவி எந்த அலுவலரிடமும் இல்லை. ஆகையால், சான்றிதழில் எழுதப்படும் தொகை பெரும்பாலும் திட்டத்தின் வரம்பைப் பார்த்தே எழுதப்படுகிறது. 72,000 வரம்பாக இருந்த காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களின் வருமானம் 60,000 என்றும் 70,000 என்றும் முத்திரையோடு சான்றளிக்கப்பட்டது என்பதை வருவாய்த் துறையினர் அறிவார்கள். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வந்தவனைப் பொய்க் கணக்குக்குக் கையெழுத்திட வைத்து, அதற்கு நூறோ ஐந்நூறோ தரகருக்குக் கொடுக்கவும் வைத்துவிட்டு, பிறகு 'தகுதியற்றவர்கள் அட்டை பெற்றுவிட்டார்கள்' என்று அவன் மீதே குற்றம் சாட்டுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. (இந்த வாக்கியத்தைச் சற்று மென்மையாக்கலாம் என்று குழுவில் யோசனை சொல்லப்பட்டது, ஏற்கப்படவில்லை.)

இதில் மிகவும் அடிபடுகிறவர், கூலியை வங்கிக் கணக்கில் பெறும் தொழிலாளியே. ஜவுளிக்கடையிலோ சிறிய பட்டறையிலோ மாதம் 10,500 ரூபாய் வாங்குகிறவருடைய வருமானத்துக்கு அத்தாட்சி இருக்கிறது. ஆகவே அவருக்கு அட்டை கிடையாது. இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்றால், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு அது பொருந்துவதில்லை. நேர்மையாகக் கணக்குக் காட்டுகிறவர் இரண்டு பாதுகாப்புகளுக்கும் வெளியே நிற்கிறார்.

சென்ற மே மாதம் 7-ஆம் தேதி, பதவியேற்ற அன்றே முதலமைச்சர் கையெழுத்திட்ட ஐந்து ஆணைகளில் ஒன்று, காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தனியார் மருத்துவமனைகளில் கொரோனா சிகிச்சை பெறுவோரின் செலவை அரசே ஏற்கும் என்பது. நல்ல ஆணை. ஆனால் காப்பீட்டு அட்டை என்ற ஒன்று இல்லாதவர்களுக்கு அந்த நல்ல ஆணை எந்த வாசல் வழியாக வந்து சேர்ந்திருக்கும் என்று நாங்கள் கேட்காமல் இருக்க முடியாது.

வருமானம் கேட்காமல் வைத்தியம் பார்க்க இந்த அரசுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சென்ற டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்தில் 1 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சை இலவசம். அவர் ஏழையா, பணக்காரரா, காப்பீட்டு அட்டை உள்ளவரா, இம்மாநிலத்தவர்தானா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. இதைச் செய்த அரசைப் பாராட்டுகிறோம். லாரி மோதியவனிடம் கேட்கப்படாத சான்றிதழ், மாரடைப்பு வந்தவனிடம் மட்டும் ஏன் கேட்கப்படுகிறது என்பதற்குப் பதில் வேண்டும்.

அண்டை மாநிலங்களைக் காட்டி வாதிப்பதில் குழுவிலுள்ள சிலருக்கு உற்சாகம் இல்லை. அங்கங்கே நிலைமை வேறு என்பது உண்மை. எனினும் ஆந்திரத்தில் ஆரோக்யஸ்ரீ திட்டத்தின் வருமான வரம்பு 2020 முதல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பதையும், ராஜஸ்தானத்தில் சென்ற மே மாதம் தொடங்கிய சிரஞ்சீவி திட்டத்தில் இலவசப் பட்டியலில் இல்லாத குடும்பங்களும் 850 ரூபாய் கட்டிச் சேர்ந்துகொள்ளலாம் என்பதையும் சொல்லாமல் விட இயலவில்லை. உயர் வகுப்பினருக்கான பத்துச் சதவீத இட ஒதுக்கீட்டில் 8 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ளவரும் பொருளாதாரத்தில் நலிந்தவரே என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் அண்மையில் உறுதியாகக் கூறியிருக்கிறது. அந்த ஒதுக்கீடு பற்றி இம்மாநிலத்தின் ஆட்சேபம் வேறு விஷயம். கல்லூரி வாசலில் 8 லட்சம் வரை ஏழை, மருத்துவமனை வாசலில் 1,20,001 ரூபாய் வந்தால் செல்வந்தர் என்ற இந்த தேசத்து விவேகம் எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

நிதி இல்லை என்ற பதில் வரும். நிதியமைச்சர் சென்ற ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையை நாங்களும் படித்தோம். கஜானாவின் நிலைமையை அறியாமல் பேசவில்லை. 849 ரூபாய் வீதம் மேலும் 10 லட்சம் குடும்பங்களைச் சேர்த்தால் ஆகக்கூடிய கூடுதல் பிரீமியம் ஏறத்தாழ 85 கோடி ரூபாய். இது தாங்கக்கூடிய தொகையா இல்லையா என்பதை அரசு சட்டமன்றத்தில் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. வருமான வரம்பே கூடாது, குடும்ப அட்டை ஒன்றே போதும் என்பது குழுவில் ஒரு சாராரின் கொள்கை. அதைச் சங்கத்தின் நீண்டகால லட்சியமாக ஏற்கிறோம். உடனடியாக, இ.எஸ்.ஐ. திட்டத்துக்குரிய ஊதிய வரம்பான மாதம் 21,000 ரூபாயையே, அதாவது ஆண்டுக்கு 2,52,000 ரூபாயையே, இத்திட்டத்துக்கும் வரம்பாக வைக்க வேண்டும். ஒரே அரசியலமைப்பின் கீழ், தொழிலாளிக்கு இரண்டு அளவுகோல் இருக்க நியாயமில்லை. நோயாளி மருத்துவமனையில் சேர்ந்துவிட்டால் அவருடைய சொந்த உறுதிமொழியை ஏற்றுச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, சான்றிதழைப் பிறகு சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். இயன்றவரை வரும் நிதிநிலை அறிக்கைக்குள் என்று குழு சொல்லச் சொன்னது. 'இயன்றவரை' என்ற சொல்லை அரசு சௌகரியமாகப் பயன்படுத்திக்கொள்ளாது என்று நம்புகிறோம்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகவே சொல்கிறோம். அட்டை உள்ளவரிடம் துண்டுச் சீட்டில் கூடுதல் பணம் வாங்கும் மருத்துவமனைகளைத் திட்டத்திலிருந்து நீக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பட்டியலை நம்பியிருக்கும் ஆயுஷ்மான் பாரத் பகுதியைப் புதுப்பிக்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் ஆகும் மாத்திரைச் செலவைக் காப்பீடு தொடுவதில்லை. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அந்தக் குறையை எவ்வளவு தீர்க்கும் என்பதைப் பொறுத்திருந்து பார்ப்போம். காப்பீடு என்பது அரசு மருத்துவமனைக்கு மாற்று அன்று என்பதில் குழுவில் எவருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. அங்கே படுக்கையும் தாதியரும் போதிய அளவில் இருந்திருந்தால் இந்த அறிக்கையில் பாதிக்கு வேலை இருந்திராது.

உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. வருமானத்தைக் காரணம் காட்டி அட்டை மறுக்கப்பட்டவர்கள், மறுத்த தேதியும் இடமும் தெரியும்படி விண்ணப்பத்தின் நகலைத் தங்கள் கிளைச் செயலாளரிடம் இம்மாத இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டும். தரகர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். புதிய வரம்புக்குள் வருகிறவர்கள் நோய் வரும்வரை காத்திராமல் இப்போதே சென்று பதிந்துகொள்ளுங்கள்.