செவிலியரின் ஓய்வு நோயாளியின் பாதுகாப்பு

“சிஸ்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை, இரண்டு முறை அழைத்த பிறகுதான் வந்தார்.” வார்டுகளைச் சுற்றிவரும்போது உறவினர்களிடமிருந்து எங்கள் காதில் அடிக்கடி விழும் குறை இது. இதனை நாங்கள் புறந்தள்ளவில்லை. துன்பத்தில் இருப்பவருக்குக் கனிவான சொல்லும் ஒரு மருந்தே. ஆயினும், அந்தச் செவிலியருக்கு அது எத்தனையாவது இரவுப் பணி, எத்தனை நோயாளிகளை அவர் தனியே கவனித்துக்கொண்டிருந்தார் என்பவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று கருதுகிறோம். மே 12 உலக செவிலியர் நாளை ஒட்டி அதனை இங்கே எழுதுகிறோம்.

கொரோனாவின் இரண்டாம் அலையை இம்மாவட்டத்தில் எவரும் மறந்திருக்க முடியாது. 2021 மார்ச்சில் அம்மாப்பேட்டையில் பள்ளி மாணவியரிடையே தொற்று கண்டறியப்பட்டபோது தொடங்கிய அச்சம், மே மாதத்தில் உச்சத்தைத் தொட்டது. மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்நாள்களில் மருத்துவர்களாகிய நாங்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவோம். செவிலியர்களோ பணிநேரம் முழுவதும் உள்ளேயே இருந்தனர்.

கத்திரி வெயிலில், காற்றுப் புகாத பாதுகாப்பு உடைக்குள், வியர்வையில் நனைந்தபடி அவர்கள் பணியாற்றினர். நீர் அருந்த வேண்டுமானால் உடையைக் கழற்ற வேண்டும். கழற்றும் வேளையில்தான் தொற்று ஒட்டும் அபாயம் மிகுதி. ஆகவே பணிக்கு வருமுன்பே நீர் அருந்துவதைக் குறைத்துக்கொண்டனர். மாதவிடாய் நாள்களிலும் இதே நிலைதான். உறவினர்களுக்கு உள்ளே அனுமதி இல்லாததால், சோறூட்டுவதும் உடல் துடைப்பதும் அவர்கள் பொறுப்பாயின. மூச்சுத் திணறியவர்களைக் குப்புறப் படுக்கவைத்து, ஆக்சிஜன் அளவைக் குறித்து, ஸ்டீராய்டு மருந்தால் ஏறிய சர்க்கரையை மணிக்கணக்கில் சோதித்தனர். உயிர் பிரியும் நேரத்தில் கைப்பேசியை நோயாளியின் காதருகே பிடித்துக்கொண்டு நின்றவர்களும் அவர்களே. பணி முடிந்த பின்னும் பலர் வீடு செல்லவில்லை. தங்கள் குழந்தைகளைக் கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்தனர்.

அந்த மே மாதத்தில் நிகழ்ந்த ஒன்றை மறைக்காமல் சொல்ல விரும்புகிறோம். தொடர்ந்து ஏழு இரவுகள் பணியாற்றிய செவிலியர் ஒருவர், 8 அலகு இன்சுலின் என்று எழுதியிருந்ததை 18 எனப் படித்து ஊசியில் எடுத்துவிட்டார். அருகில் இருந்த மற்றொரு செவிலியர் கவனித்துத் தடுத்ததால் நோயாளிக்குத் தீங்கு நேரவில்லை. நாங்கள் அவரைக் கடிந்துகொண்டோம். ஏழு இரவுகளைத் தொடர்ச்சியாக ஒதுக்கிய பணிப்பட்டியலுக்கு ஒப்புதல் அளித்தவர்களும் நாங்களே. எங்களை எவரும் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பிழையின் பெரும்பங்கு எங்களுடையது என்பதை உணர எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், பணிச்சோர்வைத் தனியொரு நோயாக வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் சரிவரக் கையாளப்படாத நெடுநாள் அழுத்தத்தின் விளைவு என்றே விளக்கியது. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: ஆற்றல் வற்றிப்போதல், பணியிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குன்றுதல். நீங்கள் காணும் அந்த இறுகிய முகம் இரண்டாவது அடையாளமாக இருக்கலாம்.

இதன் விளைவு நோயாளியையே வந்தடைகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு, அறுவைச் சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்தோறும், 30 நாள்களுக்குள் இறப்பு நேரும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதைக் காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் வேண்டும், விடுப்பில் செல்வோருக்கு ஈடாக 30 விழுக்காடு கூடுதல் பணியாளர் வேண்டும் என்று இந்திய செவிலியர் குழுமம் வகுத்திருப்பதும் இக்காரணம் பற்றியே. பெருந்தொற்றின்போது அந்த அளவை எங்களால் கடைப்பிடிக்க இயலவில்லை.

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாடே கைதட்டியது. செவிலியர்களைத் தெய்வம் என்றோம், தேவதை என்றோம். பாராட்டு வேண்டியதே. ஆனால் தெய்வத்துக்குப் பசியும் உறக்கமும் கிடையா, மனிதருக்கு உண்டு. தெய்வமாக்கிவிட்டால் ஓய்வு கொடுக்கும் கடமை நமக்கு எளிதில் மறந்துபோகிறது. பெருந்தொற்றுக்கென அரசு தற்காலிகமாக நியமித்த செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிவுற்றது. மாற்றுப் பணி வழங்கப்படும் என்று பின்னர் அறிவிக்கப்பட்டாலும், அவர்கள் வீதிக்கு வந்து கேட்க நேர்ந்தது நமக்குப் பெருமை தருவதன்று. நம் டெல்டாவில் எத்தனை அவசர நடவானாலும், நாற்று நடும் பெண்கள் கஞ்சி குடிக்கக் கரையேறும் நேரம் உண்டு. வயலில் இருக்கும் அந்த நியாயம் வார்டிலும் வேண்டும்.

ஆகவே நாங்கள் வேண்டுவன இவை: தொடர் இரவுப் பணிக்கு வரம்பு, ஒவ்வொரு பணிநேரத்திலும் எவரும் குறுக்கிடாத உணவு இடைவேளை, களைப்பைச் சொல்பவரைத் தண்டிக்காத மேலதிகாரிகள். பெருந்தொற்று மறைந்தவுடன் இவை மறக்கப்படக் கூடாது. மருத்துவர்களும் மருந்தின் அளவைத் தெளிவாக எழுதி, அவசரமற்ற உத்தரவுகளைப் பகலிலேயே முடிக்க வேண்டும்.

நோயாளிகளும் உறவினர்களும் செய்யக்கூடியவையும் உள. செவிலியர் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். அவசரம் என்றால் மட்டும் குறுக்கிடுங்கள். பணி மாறும் வேளையில் அவர்கள் நோயாளிகளின் நிலையை ஒருவருக்கொருவர் ஒப்படைக்கிறார்கள். அப்போது சற்றுப் பொறுங்கள். சிறு ஐயங்களைக் குறித்து வைத்து ஒருசேரக் கேளுங்கள். “இது என்ன மருந்து, எவ்வளவு?” என்று ஊசி போடுமுன் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். அந்தக் கேள்வி களைத்த கண்களுக்கும் துணை.

களைப்பு அலட்சியத்துக்குச் சாக்கு ஆகாது. குறை இருந்தால் எழுதித் தாருங்கள், விசாரிப்போம். எழுதும்போது, அன்று அந்த வார்டில் எத்தனை செவிலியர்கள் இருந்தனர் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். நாங்கள் திருத்த வேண்டியது அந்த வரியிலும் இருக்கக்கூடும்.