முட்டைக் காசு



போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பாடசாலை விட்டு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் என்னிடம் இஸ்லாம் பாடம் படிக்கும் ஒரு பிள்ளையின் உம்மா வந்தார். ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறார்கள். கணவருக்குப் பதுளை டவுனில் பேக்கரி வேலை. கையில் ஒரு பிரம்புக் கூடை, மேலே துணி கட்டியிருந்தது. துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். உள்ளே ஒரு சிவப்புப் பேடு, கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தது.

"மௌலவி, இது என்டதா, அவர்டதா?"

கலியாணம் முடிந்து வரும்போது அவருடைய உம்மா இரண்டு பேடுகளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவை பெருகிப் பதினொன்றாயின. பெருநாளைக்கு வந்த விருந்தாளிகளுக்காகக் கணவர் இரண்டை அறுத்தார். பிறகு ஒரு நாள் ஆறைப் பிடித்துக் கட்டிக் கொண்டுபோய் விற்று, ஃபோன் வாங்கிக்கொண்டார். நாய் இரண்டைப் பிடித்தது. எஞ்சிய ஒன்றைத் தாத்தா வீட்டில் ஒளித்து வைக்கத்தான் பஸ் ஏற வந்திருக்கிறார். "வீடு அவர்டயாம், தீனி போடுற அரிசி அவர்ட காசாம். அப்ப கோழியும் அவர்டதாம்."

சகோதரிகளே, இந்தப் பெண்மணிக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. கோழி உங்களுடையது. உங்கள் உம்மா உங்களுக்குக் கொடுத்த அன்பளிப்பு அது. குஞ்சு தாய்க்கோழியின் சொந்தக்காரருக்கே உரியது என்பது பிக்ஹுச் சட்டம். பக்கத்து வீட்டுச் சேவல் வந்து போனதற்காக அந்த வீட்டாருக்கு அதில் பங்கு கிடையாது. கணவர் வாங்கிய அரிசியை அது கொத்தியதற்காக அவருக்குச் சொந்தமாகிவிடவும் மாட்டாது. மனைவியின் பொருள் மனைவியுடையதே. அவள் மனமுவந்து கொடுத்தால் மட்டுமே கணவன் அதை அனுபவிக்கலாம். மஹர் விடயத்தில் அல்குர்ஆன் வைத்திருக்கும் நிபந்தனையும் இதுவே. இங்கிலாந்துப் பெண்மணிகள் தம் சொத்தைத் தம் கையில் வைத்திருக்க 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தார்கள். நமக்கு அந்தக் காத்திருப்பு இருக்கவில்லை. ஆனால் கிதாபில் இருக்கின்ற உரிமை கோழிக்கூடு வரை வந்து சேர்ந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

ஒரு பேட்டுக்காக இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கலாம். ஊவாத் தோட்டங்களின் கதையை அறிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண். ஆனாலும் 1984ஆம் ஆண்டு வரை அவளுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளமே எழுதப்பட்டது. எழுதப்பட்டதையும் சம்பள நாளில் கணவனோ தகப்பனோ போய் வாங்கி வருவது நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. காம்பிராவும் நிலமும் அவளுக்குச் சொந்தமில்லை. இஸ்தோப்பு ஓரத்தில் பழைய பலகையும் தகரமும் வைத்து அடித்த கூட்டில் ஐந்து கோழி, பீலிக்கரைப் பக்கம் கட்டிய ஓர் ஆடு, இவைதான் எந்தச் செக்ரோலிலும் ஏறாத சொத்து. மருந்துக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் யாரிடமும் கை நீட்டாமல் எடுக்கக்கூடிய காசு அந்த முட்டைக் காசுதான். டவுனைச் சுற்றியிருக்கும் நமது வீடுகளிலும், வெலிமடை, குருத்தலாவைப் பக்கத்து வீடுகளிலும் இதுவே நிலைமை. தோட்டத்துச் சகோதரி தமிழ்க் குடும்பமாக இருந்தாலும் முஸ்லிம் குடும்பமாக இருந்தாலும் முட்டைக் காசின் கணக்கு ஒன்றுதான்.

முன்பு ஆண்கள் இந்தக் காசைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2022இல் நிலைமை மாறியது. தீனிக்குச் சோளம் இல்லை, பண்ணைக் கோழிகள் குறைந்தன. அந்த ஆண்டு ஓகஸ்டில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று உச்ச விலை போட்டது. விலை வர்த்தமானியில் இருந்தது, முட்டை கடையில் இருக்கவில்லை. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். அந்த நாட்களில்தான் கொல்லையில் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த ஊர்க்கோழி, வீட்டு ஆண்களின் கண்ணில் பட்டது. பொருளுக்கு விலை ஏறினால் அதற்குச் சொந்தக்காரர்களும் பெருகுவார்கள் போலும்!

பங்களாதேஷிலும் இது நடந்திருக்கிறது. 1983இல் கிராமீன் வங்கி தொடங்கிய காலம் முதல் ஆயிரமாயிரம் பெண்கள் சிறு கடன் எடுத்துக் கோழியும் மாடும் வாங்கினார்கள். 1996இல் வெளியான ஓர் ஆய்வு அங்குள்ள கடன் திட்டங்களை ஆராய்ந்தபோது, கடன் பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருந்தாலும் கணிசமான இடங்களில் காசைக் கையாண்டது கணவரோ மற்ற ஆண்களோதான் என்று கண்டது. கடனைக் கட்ட வேண்டிய பொறுப்பு மட்டும் அவளிடமே நின்றது.

எனக்கு இந்த விடயம் கிதாபில் மட்டும் படித்ததல்ல. அரபுக் கல்லூரியில் சேரும்போது நான் கொண்டுபோன தகரப் பெட்டி, இரண்டு சாரன், ஒரு தொப்பி எல்லாம் உம்மும்மாவின் கோழிகள். வாப்பா வாங்கித் தந்ததாகத்தான் பல காலம் நினைத்திருந்தேன். உம்மும்மா மௌத்தான பிறகு, சாச்சி சொல்லித்தான் தெரிந்தது.

உம்மும்மா முட்டைகளைத் தவிட்டில் கூர்முனை கீழாகப் புதைத்துச் சேர்ப்பார். கோழி அடை கேறினால் பதினொன்று அல்லது பதின்மூன்று முட்டை வைப்பார். ஏழாம் நாள் இரவு குப்பி விளக்கின் முன் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, கரு ஓடாததை எடுத்துவிடுவார். 21ஆம் நாள் சுபஹுக்குப் பிறகு கூட்டடியில்தான் இருப்பார். இடிக்குப் பயந்து அடைக்குள் ஓர் ஆணியும் கரித்துண்டும் வைக்கும் வழக்கம் அவரிடம் இருந்தது. முதல் வருட லீவில் வந்த நான், புதிதாகக் கற்ற உற்சாகத்தில் அது பற்றி ஒரு பயானே செய்துவிட்டேன். உம்மும்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மகன், ஆணிய எடுக்கிறன். ஐப்பசி மழைக்கு இடி விழாம நீ பாத்துக்க" என்றார்.

அவரால் வெல்ல முடியாத ஒன்று வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டதால் அந்தப் பெயரும் அதற்கு உண்டு. வந்துவிட்டால் மருந்தில்லை, முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுப்பதுதான் வழி. அந்த மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கு மேல் போதுமான அளவில் வருகிறது, கலக்கினால் சில மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கும் ஒருவர் தனியே போய்க் கேட்பது கஷ்டம். ஒரு லயத்துப் பெண்கள், அல்லது ஒரு மஹல்லாவின் பெண்கள் சேர்ந்து ஒரே நாளைக் குறித்துக்கொண்டு மிருக வைத்தியர் அலுவலகத்துக்குச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு விடயமும் அடிக்கடி என்னிடம் வருகிறது. ஆட்டைப் பங்குக்கு விடுவது. வசதியுள்ளவர் கிடாய்க்குட்டியை வைத்துக்கொண்டு பெட்டைக்குட்டியை ஒரு ஏழைச் சகோதரியிடம் கொடுப்பார். முதல் ஈற்று உனக்கு, அடுத்தது எனக்கு என்று பேச்சு. பிறக்குமா, எத்தனை பிறக்கும் என்று தெரியாத குட்டியைக் கூலியாகப் பேசுவதால் நமது ஷாபிஈ மத்ஹபில் இந்த ஒப்பந்தம் செல்லாது. ஹன்பலீ மத்ஹபில் அனுமதித்தோர் உண்டு. சண்டை வருவது மத்ஹபினால் அல்ல, ஆடு செத்த அன்றுதான் வரும். "நீதான் கொன்றாய், காசைக் கட்டு" என்பார்கள். கவனக்குறைவு இல்லாமல் செத்தால் அமானிதமாக வைத்திருந்தவள் கட்டத் தேவையில்லை. ஆரம்பத்திலேயே நேர்வழி ஒன்று உண்டு: ஆட்டின் பாதியை ஒரு சிறு விலைக்கு அவளுக்கே விற்றுவிடுங்கள், விலையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அப்போது ஆடும் பாதி, குட்டியும் பாதி, சாவும் பாதி.

அறுப்பதையும் சொல்லிவிடுகிறேன். நாய் கடித்த கோழி துடித்துக்கொண்டிருக்க, "வீட்டில் ஆம்பிளை இல்லை" என்று கையைப் பிசைந்து நின்று, கடைசியில் குழி தோண்டிப் புதைத்த வீடுகளை எனக்குத் தெரியும். மதீனாவில் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை மேய்த்த ஓர் அடிமைப் பெண், சாகக் கிடந்த ஆட்டை ஒரு கல்லை உடைத்து அதன் கூரால் அறுத்தார். நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது உண்ணச் சொன்னார்கள். புஹாரியில் உள்ள ஹதீஸ் இது. உயிர் நிலைத்திருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி, மூச்சுக் குழாயும் உணவுக் குழாயும் அறும்படி அறுத்தால் போதும். பெண் அறுத்தது முழுமையான ஹலால்.

இனி அந்தச் சிவப்புப் பேட்டின் விடயத்துக்கு வருகிறேன். என் பதிலைக் கேட்ட அந்தப் பெண்மணி, "இத அவருக்கிட்ட நீங்களே சொல்லுங்களேன்" என்றார். ஜும்ஆவுக்குப் பிறகு அந்தச் சகோதரரைப் பள்ளி வாசலில் பிடித்தேன். நல்ல மனிதர்தான். உழைக்கிறார், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்களின் செய்தியைச் சொன்னேன். தன் காசைக் கணவருக்குச் செலவழிக்கலாமா என்று அவர் கேட்டதற்கு, உறவுக்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று என இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். மனைவியின் காசு ஏற்கனவே கணவனுடையதாக இருந்தால் அது எப்படித் தர்மமாகும் என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "மௌலவி வீட்டுலயும் இப்பிடித்தானா?" என்றார்.

நான் பொய் சொல்ல முடியாது. போன வருடம் ரமழானுக்கு முன்பு, என்னோடு ஓதிய இரண்டு பேர் அக்கரைப்பற்றிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். மனைவி உம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கொல்லையில் நின்ற பெரிய சேவலை, பக்கத்து வீட்டுப் பொடியனைக் கொண்டு பிடித்து நானே அறுத்தேன். பகலுக்கு வந்தவள் இறகைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகச் சமைத்து விருந்தாளிகளுக்குப் போட்டாள். அந்தச் சேவலுக்கு ஒருவரிடம் முற்பணம் வாங்கித் தையல் மெஷினைத் திருத்தக் கொடுத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் கலண்டரைத் திருப்பியபோது பின்பக்கத்தில் அவளுடைய முட்டைக் கணக்கு இருந்தது. கடைசி வரியில், "சேவல் 1 - ஹஸ்ரத்துக்குக் கடன்" என்று எழுதியிருந்தது.

இதை அந்தச் சகோதரரிடம் சொன்னேன். சிரித்தார். "பிறகு கட்டினீங்களா?" என்று கேட்டார்.

கட்டினேன். மனைவி நோட்டுகளை வாங்கி எண்ணிப் பார்த்தாள். "ஐம்பது ரூபா குறையுது" என்றாள்.